கறுப்பு வயரும் மேல்மாடிக் காலடியும்

"தம்பி, குக்கரை மாற்றிவிட்டோம். டிரிப் சுவிட்சையும் மாற்றிவிட்டோம். இன்னும் கரண்ட் போகிறது. இனி வீட்டைத்தான் மாற்ற வேண்டும்."

போன பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த அக்கா தொலைபேசியில் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. பின்னால் ஒரு பிள்ளை, எழுதிய வீட்டுப்பாடம் கணினியோடு போய்விட்டதென்று அழுதுகொண்டிருந்தது. காலையிலேயே வருகிறேன் என்றேன். சனிக்கிழமைகளில் நான் வேலை எடுப்பதில்லை. ஆனால் மூன்று மாதமாக ஒரு குடும்பம் இருட்டுக்குப் பயந்து சமைத்துக்கொண்டிருக்கிறது என்றால் அதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

குக்கர் என்றதும் விசிலடிக்கும் பிரஷர் குக்கரை நினைக்க வேண்டாம். இங்கே இங்கிலாந்தில் குக்கர் என்பது மேலே நான்கு அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த பெரிய அடுப்பு, இந்த வீட்டில் மின்சாரத்தில் எரிவது. வீட்டில் மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும் சாமான்களில் இதுவும் ஒன்று என்பதால் இதற்கென்று தனிச் சுற்று இருக்கும். மெயின் பலகையில் தனியாக ஒரு 32 ஆம்பியர் பிரேக்கர், அங்கிருந்து 6 சதுர மில்லிமீட்டர் வயர், குசினிச் சுவரில் சிவப்புக் கட்டையோடு ஒரு பெரிய சுவிட்ச், அதன் பிறகு குக்கர். நேரான, எளிமையான சுற்று. இதில் பழுது வந்தால் கண்டுபிடிப்பதும் எளிமையாகத்தான் இருக்க வேண்டும்.

வீடு கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில். ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசையில் ஒரு வீடு, முதலாம் உலகப் போருக்கு முந்திய கட்டடம். நடுவில் படிக்கட்டு, பின்பக்கமாக நீண்டுபோகும் குசினி, குசினிக்கு மேலே பிள்ளைகளின் அறை. மெயின் பலகை படிக்கட்டின் கீழுள்ள சின்ன அலுமாரிக்குள் இருந்தது. சப்பாத்துகளையும் அரிசி மூட்டையையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு அண்ணர் எனக்கு இடம் செய்து தந்தார்.

கருவியைக் கையில் எடுக்குமுன் நான் கதையைக் கேட்பேன். கரண்ட் எப்போது போகிறது? மாலையில். சமைக்கும்போதா? ஆமாம், பெரும்பாலும் அப்போதுதான். எப்போதுமா? இல்லை, ஒருநாள் விட்டு ஒருநாள், சிலநாள் மூன்று தடவை. இரவில் போவதே இல்லை. தொடக்கத்தில் பார்த்தவர் ஓவனின் கம்பிச்சுருள் பழுதாகியிருக்கும் என்றிருக்கிறார். அவர் சொன்னதும் ஆதாரமில்லாத பேச்சல்ல. அந்தச் சுருளுக்குள் நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஒக்சைடு ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் மின்சாரம் எர்த்துக்குக் கசியும், கசிவு கண்டால் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச் விழும். பல வீடுகளில் நானே கண்டிருக்கிறேன். ஆனால் இங்கே அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. பத்து வருடம் உழைத்த குக்கர் குப்பைக்குப் போனது, கடன் அட்டையில் புதியது வந்தது. நான்காம் நாள் மாலை மறுபடியும் இருட்டு.

அடுத்து வந்தவர் பலகையில் குக்கரின் பிரேக்கரைக் கீழே தட்டிவிட்டு இரண்டு நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு நாளும் அக்கா ஒரு சின்ன மேசை அடுப்பில் சமைத்திருக்கிறார். அப்போதும் கரண்ட் போனது. "பார்த்தீர்களா, குக்கர் லைனில் ஒரு பிழையும் இல்லை, டிரிப் சுவிட்ச்தான் பழுது" என்று சொல்லி அதை மாற்றிவிட்டுப் போனார். அதன்பிறகும் இருட்டு.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதமாக இந்தக் குடும்பம் பட்ட பாடு முழுவதும் இந்த ஒரு தவறான முடிவிலிருந்து வந்தது.

முதலில், விழுந்தது எது? அண்ணர் என்னிடம் கேட்டார்: "தம்பி, குக்கர் 10 கிலோவாட். அதற்கு 32 ஆம்பியர் பிரேக்கர் எப்படிப் போதும்? அதனால்தான் விழுகிறதோ?" நல்ல கேள்வி. 230 வோல்ட்டில் 10 கிலோவாட் என்றால் 43 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் நான்கு அடுப்பும் ஓவனும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருப்பதில்லை, சூடானதும் ஒவ்வொன்றும் விட்டுவிட்டு எரியும். அதனால் வீட்டுக் குக்கருக்கு இங்குள்ள கணக்கு: முதல் 10 ஆம்பியரை முழுதாக எடு, மீதியில் 30 விழுக்காட்டைச் சேர், சுவிட்சிலேயே ஒரு பிளக் பொயின்ட் இருந்தால் இன்னும் 5 கூட்டு. கூட்டிப் பார்த்தால் 25 ஆம்பியர். 32 தாராளம். தவிரவும், சுமை கூடினால் விழுவது பிரேக்கர். அக்கா வீட்டில் பிரேக்கர் ஒருநாளும் விழவில்லை. விழுந்தது டிரிப் சுவிட்ச்.

டிரிப் சுவிட்ச் சுமையைப் பார்ப்பதில்லை. பேஸில் எவ்வளவு போகிறது, நியூட்ரலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற இரண்டை மட்டும் ஒப்பிடும். இரண்டுக்கும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால், எங்கோ வேறு வழியாகப் போகிறது என்று அர்த்தம், உடனே துண்டித்துவிடும்.

ஆனால் பலகையிலுள்ள பிரேக்கர் பேஸை மட்டுமே துண்டிக்கும். அதைக் கீழே தட்டினாலும் குக்கரின் நியூட்ரல், மற்ற எல்லா நியூட்ரல்களோடும் ஒரே உலோகக் கட்டையில் பூட்டியபடியே இருக்கும். அந்த நியூட்ரல் வழியில் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் வேறு யாரோ கேத்தில் போட்டாலே போதும். கேத்திலிலிருந்து திரும்பி வரும் மின்சாரம் அந்த உலோகக் கட்டைக்கு வந்ததும் ஒரு பங்கு மெயின் வழியாகவும், ஒரு பங்கு குக்கரின் நியூட்ரல் வழியாகப் போய் எர்த்திலும் இறங்கும். எங்கள் ஊர்த் தோட்டத்தில் வாய்க்கால் வரம்பில் ஓர் ஓட்டை இருந்தால், எந்தப் பாத்திக்கு இறைத்தாலும் தண்ணீர் அந்த ஓட்டையால் கசியுமே, அதேதான். குக்கரை அணைத்தால் என்ன, பிரேக்கரைத் தட்டினால் என்ன, ஓட்டை அங்கேயேதான் இருக்கும். பிரேக்கரைத் தட்டிய பிறகும் கரண்ட் போனது என்பதை வைத்து குக்கர் லைனில் பிழையில்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தச் சோதனையால் பேஸை மட்டும்தான் விடுவிக்கலாம்.

நியூட்ரலை யாரும் சந்தேகிப்பதில்லை. சாதாரணமாக அதில் அடி விழாது, டெஸ்டரில் விளக்கு எரியாது, தீப்பொறியும் பறக்காது. எனக்கு வேலை பழக்கிய மாமா யாழ்ப்பாணத்தில் கறுப்பு வயரை "வாய் பேசாத வயர்" என்று சொல்வார். அதனாலேயே அதை முதலில் விசாரிக்க வேண்டும் என்பார்.

மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டேன். மின்சாரம் உள்ள இடத்தில் டெஸ்டரைச் சோதித்து, அணைத்த இடத்தில் சோதித்து, மறுபடியும் உள்ள இடத்தில் சோதித்தேன். இந்த மூன்று படியையும் நான் ஒருநாளும் விடுவதில்லை. கொதிகலனும் நின்றுபோகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பிள்ளைகள் குளிர்ச்சட்டையோடு இருந்தார்கள். அக்கா பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி வைத்திருந்தார்.

குக்கரின் மூன்று வயரையும் பலகையிலிருந்து கழற்றினேன். சிவப்பு, கறுப்பு, எர்த்துக்கு வெறுஞ்செம்பு. இங்கே நிறங்கள் 2004க்கும் 2006க்கும் இடையில் பழுப்பாகவும் நீலமாகவும் மாறின, ஆகவே இந்த வயர் அதற்கு முந்தியது. குசினிச் சுவிட்சிலும் கழற்றி, பலகையிலிருந்து சுவிட்ச் வரையுள்ள வயரைத் தனியாக்கினேன். சுவிட்சிலிருந்து குக்கர் வரைக்குமான துண்டையும் புதுக் குக்கரையும் தனித்தனியே சோதித்தேன், இரண்டும் சுத்தம்.

பிறகு 500 வோல்ட் வைத்துக் காப்புத்தடை பார்த்தேன், அதாவது ஒரு வயரிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கசிகிறதா என்று. 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நூற்றுக்கணக்கில் நின்றது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் அப்படியே. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும்? அதுவும் நூற்றுக்கணக்கில். புது வயர் போல.

படிக்கட்டின் கீழ் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருவி சரி என்கிறது, வீடு இல்லை என்கிறது. ஒரு பழுது மற்ற வேளைகளில் வந்து, நான் பார்க்கும் வேளையில் மட்டும் ஒளிந்துகொள்கிறது என்றால், இந்த நேரத்தில் இந்த வீட்டில் ஏதோ ஒன்று நடக்காமல் இருக்கிறது. மாலையில் நடப்பது, இரவில் நடக்காதது. அது சமையல் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சோதனைப் பொத்தானை அமுக்கிய நிலையில் பூட்டிவிட்டு, கருவியை மடியில் வைத்தபடி தேநீரைக் குடித்தேன். அப்போது இளையவன் காற்பந்துப் பயிற்சி முடிந்து வந்தான். பை ஒரு மூலையில், சப்பாத்து ஒரு மூலையில். என் தலைக்கு மேலே படியில் தடதடவென்று ஏறி ஓடினான். அவன் பின்னறைக்குள் போன சத்தம் கேட்டது. திரையில் எண் விழுந்தது. 0.00. மறுகணம் பழையபடி மேலே ஏறியது. பிறகு மறுபடியும் 0.00.

"அக்கா, பிள்ளை மேலே எங்கே நிற்கிறார்?" என்று கத்தினேன். என் குரலைக் கேட்டு அவர் பதறிப்போனார். மாலை என்றால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து மேலே ஓடித் திரியும் நேரம், கேத்திலும் சலவை இயந்திரமும் ஓடும் நேரமும் அதுதான். ஒரு காலடியும் ஒரு சுமையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கரண்ட் போகும். இரவில் எல்லோரும் நித்திரை. குக்கர் அந்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்ததால் பழி அதன்மேல் விழுந்தது.

இந்த வயர் ஏன் மேலே போகிறது என்றால், குசினித் தரை கொங்கிரீட். அதனால் வயர் பலகையிலிருந்து மேலேறி, மேல்மாடித் தரைப்பலகைகளுக்கு அடியில் ஓடி, குசினிச் சுவரில் இறங்குகிறது. ஆனால் எவ்வழியாக? அறை முழுவதும் கார்ப்பெட். எல்லாவற்றையும் பிய்த்துப் பார்க்கலாம். நான் அளந்து பார்ப்பதையே விரும்புவேன், அடுத்தவர் வீட்டுத் தரையைப் பிய்க்குமுன் எங்கே பிய்க்கிறேன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

6 சதுர மில்லிமீட்டர் செம்பின் தடை மீட்டருக்கு 3.08 மில்லிஓம். இந்த வயரிலுள்ள எர்த் 2.5 சதுர மில்லிமீட்டர், அது மீட்டருக்கு 7.41. குசினி முனையில் சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துக் கட்டிப் பலகையில் அளந்தேன், சோதனை வயர்களின் தடையைக் கழித்து 0.10 ஓம். போய்வர மீட்டருக்கு 6.16 மில்லிஓம் என்றால் வயரின் நீளம் 16 மீட்டரளவு. கட்டை அவிழ்த்துவிட்டு, இளையவனை எண் விழும் இடத்திலேயே அசையாமல் நிற்கச் சொன்னேன். "மாமா, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே நின்றான். கறுப்புக்கும் எர்த்துக்கும் பலகைப் பக்கமிருந்து அளந்தபோது 0.13. குசினிப் பக்கமிருந்து அளந்தபோது 0.08. கூட்டினால் 0.21. 16 மீட்டருக்கு இந்த இரண்டு வயரின் தடை 0.17தான் வர வேண்டும். மிகுதி 0.04 என்பது தொடுகின்ற இடத்தின் தடை, இரண்டு தடவை எண்ணப்பட்டது. ஒவ்வொன்றிலும் 0.02 கழித்தால் 0.11, 0.06. அதாவது பலகையிலிருந்து பத்தரை மீட்டர், குசினிச் சுவிட்சிலிருந்து ஐந்தே முக்கால் மீட்டர். இரண்டு பக்கக் கணக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது? பத்து வயதில் கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி கொளுவிக்கொள்ளும்போது கயிற்றில் ஒரு கனம் தெரியுமே, அந்தக் கனம்.

கருவி 0.01 ஓம்வரைதான் காட்டும், ஆகவே கணக்கில் ஒரு மீட்டர் முன்பின் இருக்கலாம். சுவிட்சிலிருந்து கூரைக்கு ஏறும் உயரத்தைக் கழித்தால், பின்னறையில் குசினிச் சுவர்ப் பக்கமிருந்து நான்கு மீட்டரளவு. டேப்பை விரித்தேன். இளையவனின் வலது கால் அந்த இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தது.

"அக்கா, இந்த அறையில் அண்மையில் ஏதாவது வேலை நடந்ததா?"

"ஒன்றுமில்லையே தம்பி." கொஞ்சம் யோசித்தார். "தீபாவளிக்கு முன் கார்ப்பெட் மாற்றினோம். பலகை கிறீச்சிட்டதென்று முறுக்கிவிட்டுத்தான் போட்டார்கள்."

கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பி, அடியிலுள்ள ரப்பர் விரிப்பை மடித்தேன். நூறு வருடத்துப் பைன் பலகைகள், அவற்றில் கறுத்துப்போன பழைய ஆணிகள், அவற்றுக்கு நடுவே மஞ்சள் தலையோடு மின்னும் புதுத் திருகாணிகள் வரிசையாக. திருகாணி போட்டவர் ஒழுங்காக, பலகைகளைத் தாங்கும் தீராந்திக்கு மேலே நடுவாகத்தான் போட்டிருக்கிறார். பலகை வேலையாக மட்டும் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயர் போட்டவர்தான் பல வருடத்துக்கு முன், தீராந்தியைத் துளைத்து வயரைக் கொண்டுபோகாமல், அதன் மேல்விளிம்பில் காடி வெட்டி வயரை அதில் கிடத்திப் பலகையால் மூடியிருக்கிறார். துளை போடுவதென்றால் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் கீழே போட வேண்டும், காடிதான் வழி என்றால் அதன்மேல் இரும்புத்தகடு வைக்க வேண்டும். இந்த விதி இதற்காகவே இருக்கிறது. நாளைக்கு ஒருவர் வந்து ஆணி அடிப்பார். அவருக்கு வயர் தெரியாது.

ஏழாவது திருகாணியைக் கழற்றினேன். நுனி பளபளத்தது. நுனிக்குச் சற்று மேலே ஒரு பக்கம் மட்டும் உரசிய தழும்பு, இழைகளுக்கு நடுவே மயிரிழை அளவு செம்பு. பலகையைக் கிளப்பிப் பார்த்தால், சாம்பல்நிற மேலுறையில் ஒரு சுத்தமான துளை. தட்டை வயரில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில்தான் வெறுஞ்செம்பு எர்த் ஓடும். திருகாணி கறுப்புக்கும் எர்த்துக்கும் இடையில் இறங்கியிருந்தது. யாரும் மிதிக்காதபோது இரண்டையும் சேர்த்துத் தொடவில்லை, பலகை ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் இரண்டையும் தொட்டது. மற்றப் பக்கமாக அந்த அளவுக்கே நகர்ந்திருந்தால் சிவப்பைத் தொட்டிருக்கும், அன்றைக்கே பெரும் சத்தத்தோடு பிரேக்கர் விழுந்திருக்கும், அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

இளையவன் குந்தியிருந்து துளையைப் பார்த்தான். "என் காலாலா கரண்ட் போனது?" என்று கேட்டான். அவன் முகம் வாடியிருந்தது. "இல்லை ராசா. உன் காலால்தான் கண்டுபிடித்தோம்" என்றேன்.

வயரை அந்த இடத்தில் வெட்டி, பராமரிப்புத் தேவைப்படாத இணைப்புப் பெட்டி போட்டு மூடியிருக்கலாம், அதற்கும் அனுமதி இருக்கிறது, ஒரு மணி நேர வேலை. ஆனால் அதே வரிசையில் இன்னும் மூன்று காடிகள், மூன்று திருகாணிகள், ஒன்று வயரிலிருந்து விரலளவு தூரம்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நான் நித்திரை கொள்ள முடியாது. அண்ணரிடம் காட்டி விளக்கினேன், அவரும் முழுவதும் மாற்றச் சொன்னார். தீராந்திகளின் நடுவே துளை போட்டுப் புது வயர் இழுக்க மாலை ஐந்து மணியாகிவிட்டது. குளிர் காலத்தில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கும். கைவிளக்கை மூத்த மகள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் பூட்டி, மறுபடியும் ஒவ்வொன்றாக அளந்தேன். டிரிப் சுவிட்ச் 30 மில்லிஆம்பியருக்கு 300 மில்லிவினாடிக்குள் துண்டிக்க வேண்டும், 24இல் துண்டித்தது. மாற்றிப்போட்ட அந்தச் சுவிட்சில் எந்தக் குறையும் இல்லை. அதற்கு முன்பிருந்ததிலும் இருந்திருக்காது.

அக்கா கேத்திலைப் போட்டார். ஓவனையும் இரண்டு அடுப்பையும் போட்டார். நான் மேலே பார்த்து "இப்போது குதி" என்றேன். இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து குதித்தார்கள். குசினி விளக்கு அசையாமல் எரிந்தது. இன்னொரு தரம் குதிக்கச் சொன்னார் அக்கா. பிறகு இன்னொரு தரம்.

மேசையில் உட்கார்ந்து சான்றிதழை எழுதிக்கொண்டிருந்தபோது புட்டும் மீன்குழம்பும் வந்தது. பரிமாறிக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார்:

"அப்போ பழைய குக்கர், தம்பி?"

"அதில் பழுது இருந்திருக்காது அக்கா."

கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுப் புதுக் குக்கரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஓவனில் கேக் வடிவாக எழும்பும்" என்றார்.